டோன்ஆர்ம் மாற்றினால் கேட்கும் வித்தியாசம்: ஆர்மிலா, கேபிளிலா?

ஊசிமுனை
வணக்கம். ரெக்கார்ட் பிளேயரின் ஊசி இருக்கும் கார்ட்ரிட்ஜ் ஒன்றுதான், ஆர்டோஃபோன் 2எம் ப்ளூ. அதை இரண்டு டோன்ஆர்மில் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) மாற்றி மாற்றி மாட்டிக் கேட்கிறேன். ஒன்று டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2-வின் எஸ் வடிவ ஆர்ம். மற்றது ரேகா பிளேனர் 3-இல் இருக்கும் ஆர்பி330. ஊசியின் சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப் ஒன்றே, ஊசி அழுத்தம் இரண்டிலும் 1.8 கிராம். டெக்னிக்ஸில் குரலின் ‘ச’, ‘ஷ’ முன்னால் துருத்திக்கொண்டு வருகிறது, ஆனால் ஜால்ராவின் மினுக்கம் மங்கல். ரேகாவில் குரல் அடங்கி, ஜால்ரா துலக்கமாக இருக்கிறது. டெக்னிக்ஸின் பழைய கேபிள் அறுந்துபோய், அதற்குப் பதில் 1.5 மீட்டர் ஷீல்டு வயர் போட்டிருக்கிறது. இது ஆர்மின் குணமா, வயரின் குணமா? எதை முதலில் பார்க்க வேண்டும்?

மைக்ரோஹென்றி
நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்தே சொல்லலாம்: முதலில் கபாசிட்டன்ஸைப் (வயரும் ப்ரீஆம்பும் மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) பாருங்கள். ‘ச’ துருத்துவதும் ஜால்ரா மங்குவதும் ஒரே நேரத்தில் வந்தால் அது பெரும்பாலும் எம்எம் (காந்தம் நகரும்) கார்ட்ரிட்ஜுக்கு அளவுக்கு மீறிய கபாசிட்டன்ஸ்.

காரணம் இது. 2எம் ப்ளூவின் காயில் (கம்பிச்சுருள்) 700 மில்லிஹென்றி. அந்தக் காயிலும், ஆர்ம் வயர், வெளிக் கேபிள், ப்ரீஆம்ப் வாசல் மூன்றின் கபாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு வடிகட்டி ஆகிறது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் மேடு எழும்பும், அதற்கு மேல் சரிந்துவிடும். 47 கிலோ ஓம் லோடு வைத்துக் கணக்குப் போட்டால்:

மொத்தம் 150 பிகோஃபேரட் என்றால் ஒத்ததிர்வு 15.5 கிலோஹெர்ட்ஸில். மேடே இல்லை, 15 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறக்கம்.
மொத்தம் 300 என்றால் 11 கிலோஹெர்ட்ஸ். 7.5 பக்கத்தில் 1 டெசிபல் மேடு.
மொத்தம் 500 என்றால் 8.5 கிலோஹெர்ட்ஸ். 7 பக்கத்தில் சுமார் இரண்டரை டெசிபல் மேடு, 15-இல் 8 டெசிபல் பள்ளம்.

இது மின்சாரப் பக்கம் மட்டும். ஊசித்தண்டின் சொந்த அதிர்வு மேல் அலைவரிசையில் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதால் கடைசியில் கேட்பது இவ்வளவு கடுமையாக இருக்காது. ஆனாலும் 150-க்கும் 500-க்கும் இடையிலான வித்தியாசம் அப்படியே நிற்கும். ‘ச’வின் சீறல் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கிறது, மேடு சரியாக அதன் தலையில் உட்காருகிறது. ஆர்டோஃபோன் இந்தக் கார்ட்ரிட்ஜுக்குச் சொல்வது 150 முதல் 300 வரை.

உங்கள் ப்ரீஆம்பின் இன்புட் கபாசிட்டன்ஸ் எவ்வளவு?

ஊசிமுனை
கையேட்டில் 220 பிகோஃபேரட் என்று இருக்கிறது. மாற்ற ஸ்விட்ச் கிடையாது.

மைக்ரோஹென்றி
அப்படியென்றால் கேபிளுக்கு மிச்சம் இருப்பது 80 மட்டுமே, அதில் ஆர்மின் உள் வயரும் அடக்கம். பாலிஎத்திலீன் இன்சுலேஷன் உள்ள ஆர்ஜி-59 கோஆக்ஸ் மீட்டருக்கு 67, ஆர்ஜி-58 மீட்டருக்கு 100 எடுத்துக்கொள்ளும். நுரை இன்சுலேஷன் உள்ள ஆர்ஜி-6 என்றால் சுமார் 53. கடையில் கிடைக்கும் சாதாரண மைக் வயர் இதையெல்லாம் தாண்டிப் போவதும் உண்டு. விலையைப் பார்க்காதீர்கள், மீட்டருக்கு எத்தனை பிகோஃபேரட் என்று கேளுங்கள்.

அளக்கும் முறை: டெக்னிக்ஸ் என்றால் ஹெட்ஷெல்லை (கார்ட்ரிட்ஜ் மாட்டும் ஆர்மின் தலை) கழற்றிவிடுங்கள். ரேகா என்றால் கார்ட்ரிட்ஜின் நான்கு கிளிப்பையும் உருவி, ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். ப்ரீஆம்பிலிருந்து ஆர்சிஏ பின்களை எடுங்கள். கபாசிட்டன்ஸ் மீட்டரின் ஒரு முனை நடுப் பின்னில், மறு முனை வெளி வளையத்தில். மீட்டர் முனை வயர்களே 10, 20 காட்டும், அதைக் கழித்துவிடுங்கள். இரண்டு சேனலையும் அளங்கள். ஒரு சேனலுக்கும் மறு சேனலுக்கும் 20-க்கு மேல் வித்தியாசம் வந்தால் எங்கோ ஷீல்டு விட்டுப்போயிருக்கிறது.

கார்ட்ரிட்ஜ் மாட்டிய நிலையில் அளக்கவே வேண்டாம். காயில் குறுக்கே இருக்கும்போது வரும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. ஓம் மீட்டரைக் காயிலில் வைப்பதும் வேண்டாம், குறிப்பாக எம்சி (காயில் நகரும்) கார்ட்ரிட்ஜில். மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் அந்த மெல்லிய காயிலுக்கு நல்லதல்ல.

பேரிங்_காரன்
மைக்ரோஹென்றி சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் ஆர்ம் பக்கத்தில் இரண்டு விஷயத்தைச் சமன் செய்யாமல் ஒப்பிட முடியாது.

முதலாவது நிறை. ஆர்மின் பயனுறு நிறை (ஊசி முனையில் உணரப்படும் ஆர்மின் எடை), கார்ட்ரிட்ஜ், ஸ்க்ரூ மூன்றையும் கூட்டி, கம்ப்ளையன்ஸால் (ஊசித்தண்டின் நெகிழ்வு) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுத்தால் தாழ் ஒத்ததிர்வு ஹெர்ட்ஸில் வரும். டெக்னிக்ஸ் ஆர்ம் ஹெட்ஷெல்லோடு 12 கிராம், 2எம் ப்ளூ 7.2, ஸ்க்ரூ ஒரு கிராம். மொத்தம் 20.2. கம்ப்ளையன்ஸ் 20. விடை 7.9 ஹெர்ட்ஸ். ரேகாவுக்கு 11 கிராம் என்று வைத்தால் 8.1. வேண்டிய இடம் 8 முதல் 12. இரண்டுமே விளிம்பில் உட்காருகின்றன, ஆனால் ஒரே இடத்தில். ஆகவே நீங்கள் கேட்கும் வித்தியாசம் நிறையால் வந்ததல்ல என்று இதை இப்போதே தள்ளிவிடலாம்.

இரண்டாவது கோணம், அதாவது ஊசி பள்ளத்தின் போக்குக்கு இணையாக நிற்பது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டெக்னிக்ஸ் கொடுக்கும் பிளாஸ்டிக் கேஜில் ஊசியை வைத்தால் ஹெட்ஷெல் வாஷரிலிருந்து ஊசி வரை 52 மில்லிமீட்டர், ஓவர்ஹேங் (ஊசி தட்டின் நடு அச்சைத் தாண்டும் தூரம்) 15. அப்படி வைத்தால் பிழை பூஜ்யமாகும் இடங்கள் தட்டின் நடுவிலிருந்து 58.8, 113.5 மில்லிமீட்டர். பேர்வால்ட் என்ற கோணச் சீரமைப்பு முறையில் அதே இடங்கள் 66.0, 120.9. ஒரு ஆர்மில் ஒரு முறை, மற்றதில் வேறு முறை என்று வைத்துவிட்டு ‘இந்த ஆர்ம் கடைசிப் பாட்டில் கரகரக்கிறது’ என்றால் ஆர்மைக் குறை சொல்ல முடியாது.

பிவட்டிலிருந்து (ஆர்ம் சுழலும் மையம்) ஸ்பிண்டில் (தட்டின் நடு அச்சு) வரை உள்ள தூரத்தின் வர்க்கத்தோடு இரண்டு பூஜ்ய இடங்களின் பெருக்கலைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் தேவையான ஆர்ம் நீளம் கிடைத்துவிடும். டெக்னிக்ஸ் 215: பேர்வால்டுக்கு 232.8 வேண்டும், அதாவது ஓவர்ஹேங் 17.8. ரேகா 222: 239.3, ஓவர்ஹேங் 17.3. டெக்னிக்ஸில் கார்ட்ரிட்ஜை 2.8 மில்லிமீட்டர் முன்னால் தள்ளுவதோடு, ஹெட்ஷெல்லுக்குள் சுமார் 1.7 டிகிரி ஸ்பிண்டில் பக்கம் திருப்பவும் வேண்டும். ஹெட்ஷெல்லின் ஓரத்துக்கு இணையாக ‘அழகாக’ மாட்டினால் கோணம் தப்பிவிடும். தள்ளியது மட்டும் செய்து திருப்பாமல் விட்டால் முன்பு இருந்ததைவிட மோசம்.

ஒலிவட்டம்
ஒரு சின்னச் சேர்க்கை. 12 அங்குல எல்பியில் ஒலி பதியும் கடைசி ஆரம் 60.3 மில்லிமீட்டர், 7 அங்குல 45 சுற்று இபியில் 54 வரை போகலாம். அறுபது, எழுபதுகளின் தமிழ்ப் படப் பாட்டு இபிகள்தான் அதிகம் கேட்பவர் என்றால் டெக்னிக்ஸின் பழைய கேஜே உள்வரிகளுக்கு நல்லது. ஒப்பிடும்போது மட்டும் இரண்டு ஆர்மிலும் ஒரே முறை இருக்கட்டும், அதன் பிறகு கேட்கும் தட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஊசிமுனை
அளந்தேன். இரண்டு ஆர்முக்கும் நடுவே 130 பிகோஃபேரட் வித்தியாசம், டெக்னிக்ஸ் அதிகம். ப்ரீஆம்பின் 220-ஐச் சேர்த்தால் டெக்னிக்ஸ் பக்கம் 500-ஐத் தொடுகிறது. வெள்ளிக் கேபிள் போட்டால் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

ஈயப்பொட்டு
வேண்டாம். வெள்ளி செம்பைவிட மின்சாரத்தைச் சுமார் 6 சதவீதம் நன்றாகக் கடத்தும், அவ்வளவுதான். 1.2 மீட்டர் கேபிளின் தடையே ஓமில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். அதற்கு முன்னால் காயிலில் 1.3 கிலோ ஓம், பின்னால் ப்ரீஆம்பில் 47 கிலோ ஓம். அந்தப் பத்தில் ஒரு பங்கில் 6 சதவீதம் குறைந்து காதுக்கு என்ன வரும்? வெள்ளிக் கேபிள் போட்டுச் சத்தம் மாறினால் அதன் கபாசிட்டன்ஸ் பழையதிலிருந்து மாறியிருக்கிறது என்று பொருள்.

உங்களுக்கு வேண்டியது குறைந்த கபாசிட்டன்ஸ் உள்ள கேபிள், அதுவும் 1 மீட்டருக்குள். ப்ரீஆம்பை டர்ன்டேபிளுக்குப் பக்கத்தில் வையுங்கள். ப்ரீஆம்பிலிருந்து ஆம்ப்ளிஃபையர் வரை நீளம் போனால் பரவாயில்லை, அங்கே இந்தப் பிரச்சினை கிடையாது.

எஸ்எல்-1200-இல் வேலை இப்படி. தட்டையும் ரப்பர் மேட்டையும் எடுத்து, கவுண்டர்வெயிட்டையும் ஹெட்ஷெல்லையும் கழற்றி, ஆர்மை லாக் செய்து, டெக்கைக் கவிழ்த்து அடிமூடியைத் திறந்தால் ஆர்மின் கீழே ஒரு சின்ன போர்டு இருக்கும். ஆர்மிலிருந்து வரும் முடி மாதிரி வயர்கள் அதில் ஒரு பக்கம், வெளிக் கேபிள் மறு பக்கம். முடி வயரைத் தொடவே தொடாதீர்கள். கேபிள் பக்கத்து ஈயத்தை மட்டும் உறிஞ்சி எடுங்கள். அயர்ன் 330 டிகிரி, ஒரு பொட்டில் இரண்டு நொடி. அதற்கு மேல் வைத்தால் போர்டின் செம்புத் தகடு உரிந்து வரும். எர்த் வயர் தனியாக வரும், அதை மறந்தால் ஆர்மைத் தொடும்போதெல்லாம் ‘ம்ம்’ என்ற ஹம் மாறும். கடைசியில் கேபிளை அடிமூடியின் கிளாம்பில் இறுக்குங்கள், இழுவை போர்டுக்குப் போகக் கூடாது. முன்பு அறுந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

முடித்ததும், கார்ட்ரிட்ஜ் மாட்டுவதற்கு முன், மல்டிமீட்டரில் பாருங்கள். ஹெட்ஷெல் சாக்கெட்டின் நான்கு பின்னும் தத்தம் ஆர்சிஏ முனைக்குப் போக வேண்டும், ஒன்றோடொன்று சேரக் கூடாது, ஆர்ம் குழாயோடும் சேரக் கூடாது. ஆர்ம் குழாய் எர்த் வயரோடு மட்டும் சேர வேண்டும். நிறம்: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ்.

தந்திக்கம்பி
அப்படியென்றால் கேபிளுக்கு எந்த குணமும் இல்லை என்கிறீர்களா? எம்சி கார்ட்ரிட்ஜில் கேபிள் மாற்றியதும் தெளிவு கூடுவதைப் பலரும் சொல்கிறார்களே.

மைக்ரோஹென்றி
நல்ல கேள்வி. எம்சியில் கபாசிட்டன்ஸ் பொருட்டே இல்லை. காயில் 50 மைக்ரோஹென்றி என்று வைத்துக்கொள்ளுங்கள், 300 பிகோஃபேரட் சேர்த்தாலும் ஒத்ததிர்வு 1.3 மெகாஹெர்ட்ஸில் போய் நிற்கும். கேட்கும் எல்லைக்கு அது எட்டாத தூரம்.

ஆனால் எம்சியில் சிக்னல் மிகச் சின்னது. டெனான் டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட், 2எம் ப்ளூவின் 5.5-ஐவிட 25 டெசிபல் கீழே. அதே அளவு ஹம் புகுந்தால் இங்கே 25 டெசிபல் பெரிதாகக் கேட்கும். ஷீல்டு சரியில்லாத கேபிள், தளர்ந்த கிளிப், களிம்பு பிடித்த ஹெட்ஷெல் பின் எல்லாம் இங்கேதான் வெளியே தெரியும். கேபிள் மாற்றும்போது பின்கள் புதிதாக உரசிச் சுத்தமாவதும் நடக்கிறது. பழைய கேபிளையே நான்கு முறை உருவி மாட்டிவிட்டு அதன் பிறகு புதியதோடு ஒப்பிடுங்கள். அப்போதும் வித்தியாசம் நின்றால் ஷீல்டையும் எர்த்தையும் ஆராயலாம்.

ஈயப்பொட்டு
அந்த ஹெட்ஷெல் பின்னுக்கு ஒரு வரி. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் அது சீக்கிரம் கறுக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், ஆர்ம் பக்கத்து நான்கு ஸ்பிரிங் பின்னையும் சேர்த்து. ரப்பர் வாஷர் இல்லாமல் ஹெட்ஷெல்லை மாட்டாதீர்கள், அது இல்லாமல் ஹெட்ஷெல் ஆடும்.

கிளிப் தளர்ந்தால் கார்ட்ரிட்ஜ் பின்னில் வைத்து நசுக்க வேண்டாம். கழற்றி, உள்ளே பல் குத்தும் குச்சியை நுழைத்து, அதன் மேல் குறட்டால் மெல்ல அழுத்துங்கள். கிளிப்புக்கு ஈயம் வைக்க வேண்டியிருந்தால் அது கார்ட்ரிட்ஜில் இருக்கவே கூடாது. சூடு பின் வழியாக உள்ளே போய்க் காயில் முனையை விடுவித்துவிடும், பிறகு கார்ட்ரிட்ஜ் குப்பைக்குத்தான்.

லிட்ஸ் வயரில் ஆர்மை ரீவயர் செய்பவர்கள் கவனிக்க: ஒவ்வொரு இழைக்கும் தனி எனாமல் பூச்சு உண்டு. 330 டிகிரியில் ஈயம் வெளியே மட்டும் ஒட்டிப் பளபளக்கும், உள்ளே பாதி இழை தொடாமலே இருக்கும். முனையை 390, 400 டிகிரியில் ஈயத் துளிக்குள் முக்கி, புகை வந்து பூச்சு எரிந்து, இழை முழுதும் வெள்ளையாக வரும் வரை பிடியுங்கள்.

பேரிங்_காரன்
கேபிளுக்கு மின்சாரம் இல்லாத ஒரு குணம் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசவில்லை: விறைப்பு.

பிவட்டில் ஆர்மிலிருந்து வெளியேறும் வயர் தடித்தால் அது ஒரு ஸ்பிரிங். ஒற்றை முனையில் நிற்கும் யூனிபிவட் ஆர்ம்களில் இது மிக மோசம், ஆர்மையே ஒரு பக்கம் சாய்த்துவிடும். சோதனை எளிது. ஊசியுறை போட்டு, ஆன்ட்டி-ஸ்கேட்டை (ஆர்ம் நடுவை நோக்கி இழுபடுவதைச் சமன் செய்யும் விசை) பூஜ்யத்தில் வைத்து, ஆர்ம் மட்டமாக மிதக்கும்படி சமன் செய்யுங்கள். தட்டின் நடுப்பகுதிக்கு மேலே கொண்டுபோய் விடுங்கள். விட்ட இடத்தில் நிற்க வேண்டும். எங்கிருந்து விட்டாலும் ஒரே இடத்துக்குத் திரும்பி வந்தால் வயர் இழுக்கிறது. பிவட் அருகே வயருக்குத் தளர்வான ஒரு வளையம் விட்டுத் திருத்துங்கள். எந்த இடத்திலும் சட்டென்று நின்று நின்று போனால் அது வயர் அல்ல, பேரிங்.

ஸ்பிரிங் தொங்கலில் நிற்கும் லின் எல்பி12, தோரன்ஸ் டிடி 160 போன்றவற்றில் வெளிக் கேபிளே பிரச்சினை. தோட்டத்துக் குழாய் கனத்தில் கேபிள் மாட்டினால் துணைச்சட்டம் ஒரு பக்கமாக இழுபடும். தட்டை விரலால் லேசாக அமுக்கி விடுங்கள். நேர் மேலும் கீழுமாகத் துள்ளினால் சரி. பக்கவாட்டில் கிறுக்கலாக ஆடினால் கேபிளின் கிளாம்பைத் தளர்த்தி வளைவை மாற்றுங்கள். லின் இட்டோக், ஜெல்கோ மாதிரி அடியில் ஐந்து பின் டின் சாக்கெட் உள்ள ஆர்மில் நேர் பிளக்கா, மடங்கிய பிளக்கா என்பதையும் அடியில் இருக்கும் இடத்தைப் பார்த்து வாங்குங்கள். இடம் போதாமல் திணித்தால் அதே இழுவைதான்.

ஊசிமுனை
ரேகாவில் தனி எர்த் வயரே இல்லை. ஒன்று சேர்த்துவிடலாமா? அந்தப் பக்கம் லேசான ஹம் இருக்கிறது.

ஈயப்பொட்டு
சேர்க்காதீர்கள். ரேகா ஆர்மின் எர்த் இடது சேனல் ஷீல்டு வழியாகவே போகிறது. அதை வெட்டாமல் இன்னொரு வயர் போட்டால் இரண்டு வழி ஆகி லூப் உண்டாகும், ஹம் கூடும்.

ஹம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஆர்மைத் தொட்டதும் குறைந்தால் ஆர்மின் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. ஒரு சேனலில் மட்டும் என்றால் அந்தச் சேனலின் மைனஸ் கிளிப். ஆர்மைத் தட்டின் நடுவை நோக்கிக் கொண்டுபோகும்போது ஏறினால் மோட்டாரோ பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரோ காயிலில் புகுகிறது, ப்ரீஆம்பின் அடாப்டரை நகர்த்திப் பாருங்கள். ஷீல்டு இல்லாத கிராடோ கார்ட்ரிட்ஜை ரேகாவில் போட்டால் வரும் ஹம் இந்த வகை. சில கார்ட்ரிட்ஜில் வலது மைனஸ் பின்னையும் உலோக உடலையும் இணைக்கும் சின்னத் தகடு இருக்கும். ரேகா ஆர்மில் அதை உருவிவிட வேண்டும்.

தந்திக்கம்பி
சரி, விறைப்பையும் எர்த்தையும் ஏற்கிறேன். ஆனால் எல்லாம் சமன் செய்த பின் இரண்டு ஆர்மும் ஒன்றுபோலவே கேட்குமா?

பேரிங்_காரன்
கேட்காது. குழாயின் சொந்த அதிர்வு வேறு. ரேகா குழாயும் தலையும் ஒரே வார்ப்பு, டெக்னிக்ஸில் கழற்றும் மூட்டு உண்டு. கார்ட்ரிட்ஜ் உடலின் அதிர்வு ஆர்முக்குள் போய்த் திரும்பும் விதம் மாறும். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அதுவும் கேட்கும்: ஹெட்ஷெல்லை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் மிக மெல்ல அசையுங்கள், ‘டிக்’ என்று விரலில் தட்டினால் ஆட்டம். டெக்னிக்ஸ் பேரிங்கை நீங்களே இறுக்க வேண்டாம். கொஞ்சம் மிஞ்சினாலும் குண்டுகள் பாதையில் குழி விழுந்துவிடும், அதற்குப் பிறகு சரி செய்ய வழியில்லை. இதெல்லாம் உண்மையான ஆர்ம் வித்தியாசம்தான், ஆனால் 7 கிலோஹெர்ட்ஸில் நிற்கும் கேபிள் மேட்டை விட்டுவைத்து இதைக் கேட்க முடியாது.

உயரத்தையும் மறக்க வேண்டாம். ஆர்பி330-இல் உயரம் திருகும் வசதி இல்லை, ஆர்ம் அடியில் 2 மில்லிமீட்டர் ஸ்பேசர்தான். 237 மில்லிமீட்டர் ஆர்மில் பின்புறம் 4 மில்லிமீட்டர் உயர்த்தினால் கோணம் ஒரு டிகிரிதான் மாறும். அரை மில்லிமீட்டருக்குத் தூக்கம் கெட வேண்டாம்.

ஊசிமுனை
புதிய கேபிள் 0.8 மீட்டர் போட்டாயிற்று. ஆனால் ரேகாவுக்கும் டெக்னிக்ஸுக்கும் இன்னும் 40 பிகோஃபேரட் இடைவெளி, இப்போது ரேகா அதிகம். சமன் செய்து ஒப்பிட என்ன வழி?

மைக்ரோஹென்றி
குறைவாக இருக்கும் பக்கத்தில் சேருங்கள். ஒரு ஜோடி ஆர்சிஏ ஒய் அடாப்டர், ஒரு ஜோடி வெற்று ஆர்சிஏ பின், 39 பிகோஃபேரட் சி0ஜி செராமிக் இரண்டு. பாலிஸ்டைரீன் கிடைத்தாலும் சரி. கபாசிட்டரைப் பின்னின் நடுவுக்கும் வளையத்துக்கும் குறுக்கே ஈயம் வைத்து, ஒய் அடாப்டரின் இன்னொரு வாயில் செருகுங்கள். அடாப்டரே சில பிகோஃபேரட் சேர்க்கும் என்பதால் ரேகாவை ஒப்பிடும்போதும் அதை வெறுமனே மாட்டியே வையுங்கள். எக்ஸ்7ஆர் வகை வேண்டாம், சூட்டுக்கும் வோல்டேஜுக்கும் அதன் மதிப்பு மாறும்.

பிறகு டெஸ்ட் ரெக்கார்டின் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் இரண்டின் அளவும் 0.1 டெசிபலுக்குள் வரும்படி வால்யூமைத் திருத்தி, ஒரே தட்டின் ஒரே பாட்டை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து கேளுங்கள். கார்ட்ரிட்ஜ் மாற்றி மாட்ட அரை மணி ஆகும், காதின் நினைவு அவ்வளவு நேரம் நிற்காது. பதிவாக இருந்தால் ஒரே நொடியில் தாவலாம். இரண்டும் 370 பக்கத்தில் இருந்தால் போதும். ஒப்பீடு முடிந்ததும் அந்தக் கபாசிட்டரைக் கழற்றிவிடுங்கள், 2எம் ப்ளூ 330-இல் இன்னும் நன்றாக இருக்கும்.